ஜெமீலின் இரத்தப் பரிசோதனை உள்ள டிஸ்க்

அனுப்புநர்:
திருமதி சித்தி லைலா அபூசாலி,
பள்ளிவாசல் வீதி,
நற்பிட்டிமுனை, கல்முனை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கரையோரச் சிறுவர் இரத்தப் பரிசோதனைத் திட்டம்,
கொழும்பு.

விடயம்: காலஞ்சென்ற என் மகனின் பரிசோதனை முடிவைக் கொம்பியூட்டர் டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருமாறு வேண்டுதல்

மதிப்புக்குரிய ஐயா,

ஊர் உறங்கிய நேரத்தில் விழித்திருந்து எழுதுவதால் என் கையெழுத்துக்கு முதலில் மன்னிக்க வேண்டும். மகள் றாபியாவுக்குக் காய்ச்சல் இப்போதுதான் சற்றுத் தணிந்தது. அவள் கண் மூடினால்தான் எனக்குப் பேனை பிடிக்கக் கை கிடைக்கிறது.

1. என் மூத்த மகன் ஜெமீல் 1984இல், மூன்று வயதில் மௌத்தானான். இரத்தம் ஊறாமல் வெளிறி, வயிறு வீங்கிப்போன பிள்ளை. அவன் இருந்த காலத்தில் தங்கள் திட்டத்தினர் கல்முனைக்கு வந்து பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து, முடிவை அட்டையில் எழுதித் தந்தார்கள். பிறகு அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "கொம்பியூட்டர்ல ஏத்தப் போறம் தங்கச்சி. இனிக் கறையானும் தின்னாது, வெள்ளமும் கொண்டுபோகாது" என்றார் அங்கிருந்த நேர்ஸ். நானும் படித்தவள் என்பதால் இன்னும் கூடுதலாக நம்பினேன்.

2. இப்போது ஒன்றரை வயது றாபியாவுக்கும் அதே வெளிறல், அதே வயிறு. சென்ற மாதம் அவள் மயங்கி விழுந்தபோது உடனே இரத்தம் ஏற்றினார்கள். உயிர் தப்பியது. ஆனால் பிறர் இரத்தம் கலந்துவிட்டதால் நோய் இன்னதென்று இப்போதைக்குச் சோதித்தறிய முடியாது என்கிறார் கொழும்பில் அவளைப் பார்க்கும் டொக்டர். மறுபடி ஏற்றாமல் காத்திருக்கவும் அவளால் முடியாது. என் இரத்தத்தை மட்டும் சோதித்தால் போதாதாம்; என் கணவர் சவூதியில் இருப்பதால் அவர் இரத்தத்தைச் சோதிக்கவும் வழியில்லை. மண்ணீரலை வெட்டி எடுப்பதா, விடுவதா என்று டொக்டர் தீர்மானிப்பதற்கு மூத்தவனின் முடிவு வேண்டும்.

3. கல்முனையில் தங்கள் திட்டத்துக்கு மிச்சமிருப்பது ஓர் அறை, ஓர் அலுமாரி, கிளாக்கர் சீனித்தம்பி ஐயா. சென்ற மாரி வெள்ளத்தில் அலுமாரிக்குள் தண்ணீர் ஏறியதாம். நனைந்த டிஸ்க்குகளை அவர் உறை கிழித்து வெளியில் எடுத்து, முற்றத்தில் சாக்கு விரித்துக் காயப்போட்டிருக்கிறார். "நெல்லே காயுது மகள், இது காயாதா எண்டு போட்டன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அவரைக் குற்றஞ்சாட்ட நான் எழுதவில்லை. நனைந்த பதிவேட்டை வெயிலில் போடுவதுதான் எங்கள் பக்கத்து அரசாங்கக் கந்தோர்களின் வழக்கம். டிஸ்க் வேறு சாமான் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அநேகமானவை அப்பளம் போல் நெளிந்துவிட்டன. நற்பிட்டிமுனை என்று எழுதிய டிஸ்க் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. அதைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

4. தொட முடிகிறது, வாசிக்கத்தான் இயந்திரமில்லை. பழைய கொம்பியூட்டரை எடுத்துப் போய்விட்டார்கள். புதியதின் வாய்க்குள் இந்தப் பெரிய டிஸ்க் நுழையாதாம். அட்டைகளையாவது தேடலாம் என்றால், இவ்வருடம் அறையைத் துப்புரவாக்கியபோது பழைய கடதாசியாக விற்றுவிட்டார்கள். கல்முனைச் சந்தையில் வாங்கிய கச்சான் கடலைச் சுருளை விரித்தபோது வினாயகபுரத்துப் பிள்ளை ஒன்றின் நிறையும் இரத்த அளவும் கண்டேன். அன்றிலிருந்து சந்தைக்குப் போகும்போதெல்லாம் கச்சான் வாங்குகிறேன். "என்ன புள்ள, கச்சானக் கொட்டிப்போட்டுக் கடதாசியப் பாக்காய்?" என்று விற்கிற பெண் சிரிக்கிறாள். ஜெமீலின் அட்டை இன்னும் அகப்படவில்லை.

5. என் முதற் கடிதத்துக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலில், "தரவுகள் யாவும் பாதுகாப்பாக உள்ளன" என்று எழுதப்பட்டிருந்தது. ஐயா, என் ஜெமீலும் மையவாடியில் மண்ணுக்கடியில் பாதுகாப்பாகத்தான் இருக்கிறான்.

6. ஆகவே, பழைய இயந்திரம் எங்கே, யாரிடம் இருக்கிறதென்று விசாரித்து, இந்த டிஸ்க்கை ஒருமுறை வாசித்து, முடிவைக் கடதாசியில் அடித்துத் தருமாறு கேட்கிறேன். டிஸ்க்கைத் தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டாம். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருக்கும் நாளில் நானே கொண்டு வருகிறேன். நெளியாத மற்ற டிஸ்க்குகளையும் அப்போதே கடதாசியில் எடுத்துவிட்டால், அடுத்த தாயும் கச்சான் சுருளை விரித்துக்கொண்டு நிற்க மாட்டாள். மாரி மீண்டும் தொடங்கிவிட்டது. அலுமாரி அதே சுவரோரம்தான் நிற்கிறது.

இம்மாத முடிவில் றாபியாவை டொக்டரிடம் கொண்டு போக வேண்டும். அதற்கு முன் ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.

றாபியாவின் தாய்,
சித்தி லைலா

நற்பிட்டிமுனை
04.11.1987