கேட்கும் சுவர்

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. யார் காலிலும் விழுந்து எழுதி வாங்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். மூன்று வரிக்குள் தேநீர் ஆறிப் போயிற்று. இருந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

நான் பெருக்கித் துடைத்த பழைய தேவாலயம் இப்போது நூலகம். நான் எழுதப் படிக்கக் கற்ற முதியோர் வகுப்பும் அங்கேதான். பீடம் இருந்த இடத்தில் கரும்பலகை. மேலே அதே குவிமாடம், அதைச் சுமக்கும் அதே வட்டச் சுவர். அந்தச் சுவரில் ஒரு வேடிக்கை உண்டு, பெருக்கியவனுக்குத்தான் தெரியும். மருமகளோடு வா, காட்டுகிறேன்.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உன்னோடு வந்து இருக்கச் சொன்னாயே, பெட்டி கட்டியாயிற்று.

இப்படிக்கு,
அப்பா
(கைநாட்டு இல்லை, பார்த்தாயா?)

மார்ச் 12

அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் படிப்பதற்குள் கண் வலித்துவிட்டது. இனி இரண்டு வரி போதும். ஞாயிறு வருகிறோம், உடனே கிளம்பிவிடுவோம். பெட்டியைக் கொண்டுவர வேண்டாம். உங்கள் அறைக்கு அடித்த வர்ணம் இன்னும் காயவில்லை.

மகன்

மார்ச் 20

அன்புள்ள மகனுக்கு,

வந்து போனதில் பரம சந்தோஷம். அவசரமாகக் கிளம்பினாய், வேடிக்கையைச் சொல்லவே இல்லை.

உங்களைச் சுவரோரம் நிறுத்திவிட்டு நான் எதிர்க்கோடிக்குப் போனேன் அல்லவா? இங்கே கிசுகிசுத்தால் குரல் வளைவோடு வழுக்கிப் போய் அங்கே காதில் விழும். நடுவில் நிற்பவனுக்கு ஒன்றும் கேட்காது. கட்டியவன் கெட்டிக்காரன்.

"கண்ணு, பெட்டி தயாரா இருக்கு, இன்னிக்கே வந்துடறேன்டா" என்று சுவரிடம் சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை, மருமகளோடு பேசிக்கொண்டிருந்தாய். பதில் வருமென்று காதை வைத்தேன். வந்தது, முதலில் உன் குரல்.

"வர்ணம் காயலன்னே ஒரு வருஷம் ஓட்டலாம். அதுக்குள்ள தானா முடிஞ்சிரும்."

"முடியலன்னா?"

"அதான் பயமே. இந்தக் கட்டடத்தப் பாரு, எல்லாரும் கைவிட்டும் விழமாட்டேங்குது. அப்பாவும் அதே ரகம்."

ஓர் எழுத்து சிந்தவில்லை. அவள் சிரித்ததுகூட முழுசாக வந்து சேர்ந்தது. நானும் சிரித்தேன். நக்கல் உனக்கு என் வழியில் வந்தது.

பெட்டியை இன்னும் அவிழ்க்கவில்லை. எனக்கு வேறு போக்கிடம் இல்லை. வரட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது, இப்போது நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அப்பா

மார்ச் 29

அப்பாவுக்கு,

இரண்டு வரி போதும் என்றேன், மறுபடியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். படிக்க நேரமில்லை. வர்ணம் இன்னும் காயவில்லை.

மகன்