இரண்டாவது கண்டன்சர்

உன் கண்டன்சரை இந்த லாட்ஜின் ஜெனரேட்டர் அறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். கையகலத் தகரப் பெட்டி, மேலே இரண்டு முனை, ஒரு பக்கம் வீங்கிக் கிடக்கிறது. வெயில் ஏறினால் அதிலிருந்து கருகிய எண்ணெய் வாடை கிளம்புகிறது. டீசல் நாற்றத்துக்கு நடுவிலும் அது எனக்குத் தனியாகத் தெரிகிறது. துணி போட்டுத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. தூக்கி எறியலாம் என்று குப்பைத் தொட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். நீ உயிரோடு இருந்தபோது உன்னோடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. இதைக் கையில் எடுத்ததிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

என் வேலையைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரிக்கவும் சிரித்தாய். கரண்டு வருமா வருமா என்று வரப்பில் உட்கார்ந்து கிடந்தவன், இப்போது கரண்டு போகாமல் காவல் காக்கிறேன். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்து தங்குகிறவர்களுக்கு ஏசி நின்றது தெரிவதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிட வேண்டும். எங்கோ கடலுக்கு அப்பால் சண்டை என்று செய்தி வந்தால் முதலாளி டீசல் கேன்களை நிரப்பி வைக்கச் சொல்கிறார். இருட்டு வந்துவிடும் என்ற பயம் பணக்காரனுக்கும் இருக்கத்தான் செய்கிறது. பயத்தை அவன் கேனில் ஊற்றி வைத்துக்கொள்கிறான். நம்மால் அது முடியவில்லை.

நம் ஊர்க் கரண்டை இங்கே யாருக்காவது விளக்கினால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். கிணற்று மோட்டார் ஓட மூன்று கம்பியிலும் கரண்டு வேண்டும், மும்முனை என்பது அதுதான். அது முறை வைத்துச் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரமெல்லாம் இரண்டு கம்பியில் மட்டும் வந்துகொண்டிருக்கும். வீட்டு விளக்கு எரியும், மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். அந்த நேரத்தில் கண்டன்சரை மாட்டினால், மூன்றாவது கம்பியிலும் கரண்டு இருக்கிறது என்று நம்பி மோட்டார் ஓடும். ஏமாற்று வேலைதான். ஏமாறுவது மோட்டார், அடிவாங்குவது டிரான்ஸ்பார்மர். ஒருவர் கொஞ்ச நேரம் மாட்டினால் தாங்கும், ராத்திரி முழுக்க ஓட்டினால் தாங்காது. ஊரே மாட்டினால் எரியும். எரிந்தால் வேறு ஒன்று வருகிற வரைக்கும் மொத்த ஊருக்கும் தண்ணீர் கிடையாது. நாமும் மாட்டினோம், இரண்டு முறை எரியவும் விட்டோம்.

உனக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் பேப்பரை முதலில் பிடுங்குகிறவன் நீ. நிலக்கரி எங்கிருந்து வருகிறது, காற்றாலைக் கரண்டு ஏன் வீணாகிறது, வடக்கே போகிற பெரிய லைனில் என்ன பிரச்சினை என்று டீ ஆறுகிற வரைக்கும் பேசுவாய். நாங்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டுவோம். நாட்டில் மின்சாரம் உபரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த அன்று நீ பேப்பரை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாய். அடுத்த திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற வரிசையில் நாம் இரண்டு பேரும் நின்றோம்.

அன்று நீ பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்காகவே உன் பின்னால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வருவேன் என்று நினைத்தேன். அதிகாரியின் மேசை மேல் பேப்பரை விரித்து, "நாட்டுல கரண்டு ஜாஸ்தியா இருக்குன்னு போட்டிருக்கீங்க சார். எங்க தலைக்கு மேலதான் அந்தக் கம்பி போவுது. கீழ நிக்கிற எங்களுக்கு மட்டும் ஏன் சார் கம்மி?" என்றாய். அவர் கெட்டவர் இல்லை. சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், கரி வந்து சேருவதில்லை, வெளியில் வாங்கினால் விலை என்று பொறுமையாகத்தான் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் கண்டன்சர் போடாதவர் ஒருவரைக் காட்டுங்கள், புது டிரான்ஸ்பார்மருக்கு நானே எழுதுகிறேன் என்றார். நீ பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டாய். பஸ்ஸில் திரும்பும்போது நெடுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். ஊர் நெருங்கியபோதுதான் சொன்னாய்: "நம்ம கை சுத்தமா இருந்தாத்தான் மச்சான் கேக்க முடியும்."

அப்படித்தான் அந்தச் சத்தியம் வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினாய். அவரவர் கண்டன்சரைக் கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்துவிட்டு, கற்பூரத்தின் மேல் அடித்து, இனித் தொடமாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றாய். எதிர்த்துப் பேசியது நான் ஒருவன்தான். எல்லாம் சரி, நெல் பால் பிடிக்கிற சமயத்தில் மும்முனை வராமல் போனால் என்ன செய்வது, பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா என்று கேட்டேன். கேட்டது தப்பா? உனக்கும் அதே வயசுப் பயிர்தான் இருந்தது. நீ என் தோளில் கை போட்டு, எல்லோரும் உட்கார்ந்தால் நாமும் உட்காருவோம் என்று சிரித்தாய். முதல் கண்டன்சரை நீதான் வைத்தாய். நான் முணுமுணுத்துக்கொண்டே கடைசியாக வைத்தேன். குவியலைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான்.

புது டிரான்ஸ்பார்மர் வந்தது. அதற்கு மாலை போட்டுப் பொட்டு வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பட்டத்துச் சாகுபடியிலேயே வெயில் கொளுத்தி, எங்கோ கரித் தட்டுப்பாடு என்று மும்முனை நேரத்தைக் குறைத்தார்கள். நான் பயந்தது அப்படியே நடந்தது. பால் பிடிக்கிற நெல்லை வைத்துக்கொண்டு, அடித்த சத்தியத்தை மனதில் வைத்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு விடியற்காலை வெடித்தது. நான் ஓடி வந்தபோது டிரான்ஸ்பார்மர் அடியில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. போட்ட மாலை காய்ந்துபோய் அதிலேயே தொங்கியது.

யார் மேல் பழி விழும்? டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து மோட்டார் கொட்டகை என்னுடையது. சத்தியத்தை எதிர்த்துப் பேசியவன் நான். கடைசியாகக் கண்டன்சரைக் கொடுத்தவனும் நான். ஊர்ப் பெரியவர் ஏழுமலை அண்ணன் கோயில் முன்னால் என்னை நிற்க வைத்துக் கேட்டார். அம்மன் மேல் ஆணையாக நான் இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை. நான் உன்னைத்தான் பார்த்தேன். இவன் செய்யமாட்டான் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் அடங்கிவிடும். நீ முன்னால் வந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"ஏதோ பயிர் காயுதேன்னு அவசரத்துல பண்ணிட்டான். நம்ம ஆளுதானே, மன்னிச்சு விட்டுடுங்க."

ஊர் மன்னித்தது. உன் பெருந்தன்மையைப் பார்த்துச் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் எதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? திட்டினால் எதிர்த்துத் திட்டலாம், அடித்தால் திருப்பி அடிக்கலாம், மன்னித்தவனை என்ன செய்வது? என்னைக் காப்பாற்றத்தான் தெரியாத்தனமாக அப்படிச் சொல்லிவிட்டாய் என்று நம்பினேன். பாவி, அப்படித்தான் நம்பினேன்.

என் நெல் பதராகப் போனது. ஊரில் எல்லோருக்கும் போனது. உன் பயிர் மட்டும் அரைகுறையாகவாவது கதிர் பிடித்தது. உன் மண் ஈரம் தாங்கும் மண் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். டீக்கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. கடைசியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இந்த லாட்ஜுக்கு வந்து சேர்ந்தேன்.

நீ வந்து பார்க்காமல் இல்லை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும்போதெல்லாம் மடியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு இந்த அறைக்கு வருவாய். ஜெனரேட்டரைத் தடவிப் பார்ப்பாய். சோலார் வந்துவிட்டால் பகலெல்லாம் கரண்டு, அப்புறம் யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை என்பாய். ஊருக்கு வந்துவிடேன் மச்சான், எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள் என்பாய். எதை மறந்துவிட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். இதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, என் டீயில் பாதியைக் குடித்துக்கொண்டு, எப்படியடா உனக்கு வாய் வந்தது?

நெஞ்சு வலி என்று நீ போய்ச் சேர்ந்தபோது உன் பாடைக்குத் தோள் கொடுத்தேன். உன் பெண்டாட்டி, அண்ணா அண்ணா என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகையை இனி உன்னிடம் திருப்பிக் கேட்க முடியாது.

போன மாசம் உன் மகன் கூப்பிட்டான். அரசுத் திட்டத்தில் சோலார் பம்பு கிடைத்திருக்கிறது, பழைய மோட்டாரைக் கழற்ற வேண்டும், வாங்க மாமா என்றான். நீ ஆசைப்பட்டது வந்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் போனேன். உன் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பலகையைக் கழற்றி, பக்கத்தில் தொங்கிய முருகன் காலண்டரை எடுத்தேன். பின்னால் சுவரில் குழி பறித்து, அதற்குள் இது இருந்தது. வீங்கி வெடித்து, ஒயர் உருகி முனையோடு ஒட்டிக்கொண்டு. அந்த விடியற்காலை டிரான்ஸ்பார்மரோடு சேர்ந்து வெடித்தது இதுதான். கோயில் வாசலில் நீ முதலில் கொண்டுவந்து வைத்தாயே, அது உன் கண்டன்சரில் ஒன்றுதான். இரண்டாவது முருகனுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

உன் மகன் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. "அம்மாவுக்குத் தெரிய வாணாம் மாமா" என்றான். அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் ஊரில் மறுபடியும் கூட்டம். பெரிய டிரான்ஸ்பார்மர் தருகிறார்களாம், மறுபடியும் சத்தியமாம், நிலம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வர வேண்டுமாம். போனேன். கற்பூரம் ஏற்றிவிட்டு ஏழுமலை அண்ணன் எல்லோருக்கும் பொதுவாகப் பேசி, கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஒரு தடவை உன்னால பட்டாச்சு, இந்த வாட்டியாவது பாத்துக்கோப்பா" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் இரும்புக்கடையில் போடலாம் என்று கொண்டுவந்திருந்த இதைப் பையிலிருந்து எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தேன். எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு ஏழுமலை அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "கொண்டாந்து வெக்கிறது நீ. அது அவனுதுன்னு யாருப்பா பாத்தது?"

நான் உன் மகனைப் பார்த்தேன். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று கோயில் முன்னால் நீ நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, நீ சொல்லாததை அவனும் சொல்லவில்லை. அப்பனுக்காக என்று அவனை விட்டுவிடலாம். உன்னை யாருக்காக விடுவது? கூட்டத்தில் ஒரு குரல், "உன்னை மன்னிச்சு விடச் சொன்ன மனுஷன் மேலயே, செத்ததுக்கு அப்புறம் பழி போடறியே" என்றது. கற்பூரம் அணைவதற்குள் கிளம்பி வந்துவிட்டேன்.

அந்தக் கண்டன்சர்தான் இப்போது ஜன்னலில் இருக்கிறது. எனக்குச் சாட்சியாக இருந்த ஒரே பொருள், ஊர் கண்ணில் எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. உபரி என்று எழுதுகிறவர்களையும், கரி இல்லை என்கிறவர்களையும், அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்கிறவர்களையும் நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. அதனால் அவர்கள் கைவிட்டபோது வயிறு எரிந்தது, நெஞ்சு எரியவில்லை. உன்னைத்தான் நம்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வந்து, மச்சான், நான்தான் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். கண்டபடி திட்டியிருப்பேன். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் விட்டிருப்பேன். பிறகு, பயிர் காய்கிறபோது எவனுக்குத்தான் கை சும்மா இருக்கும் என்று சொல்லி, உனக்குச் சோறு போடச் சொல்லியிருப்பேன். ஊரிடம் பழியை நானே ஏற்றுக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படித்தானே நாம் பழகினோம்.

நீ என்னிடம் வந்து கேட்கவில்லை. நான் செய்யாத தப்புக்கு நீ வாங்கிக் கொடுத்த மன்னிப்பு என்னிடம் இருக்கிறது. நீ செய்த தப்புக்கு நான் உனக்கென்று வைத்திருந்த மன்னிப்பும் என்னிடமேதான் இருக்கிறது.