சுழல்மேடையில் எத்தனை முதலை?

புக்கிட் பெலிம்பிங்
5 ஜனவரி 2025

என் அருமை மருமகள் நித்தியாவுக்கு,

புக்கிட் பெலிம்பிங் இருப்புப்பாதைப் பேரரசின் தலைவரும், அதன் ஒரே ஊழியரும், உன் தாய்மாமனுமான தங்கராஜு எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் அத்தை சின்னத்தாயும் சுகம். கேக் சுடும் வட்டத் தட்டைக் காணோம் என்று வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தட்டு என் பேரரசின் சேவையில் இருக்கிறது. கூடத்து மேசையில் ஓடும் என் பொம்மை ரயிலுக்கு ஒரு சுழல்மேடை கட்டுகிறேன். இஞ்சின் போன திசைக்கே முகத்தை வைத்துக்கொண்டிருந்தால் எப்படித் திரும்பி வரும்? அதற்காகத்தான் வட்டப் பள்ளம், நடுவே ஒரு பாலம். இஞ்சின் பாலத்தில் ஏறி நிற்கும். பாலம் அரைச்சுற்றுச் சுற்றும். இஞ்சின் வந்த தடத்திலேயே முகம் திரும்பி இறங்கும். பள்ளம்தான் அத்தையின் தட்டு. அச்சு, நீ தூக்கிப்போட்ட ஹெட்போனின் முனை. பாலத்துக்கு மின்சாரமும் அதன் வழியாகவே போகிறது.

இஞ்சின் மூன்று யானை எடை. பாலம் தாங்குமா என்று பார்க்க, சிலாங்கூர் ஆற்றில் பதினெட்டு அடி முதலை ஒன்றைப் பிடித்துவந்து அதன்மேல் படுக்கவைத்தேன். பாலம் அசையவில்லை. முதலைதான் வெட்கப்பட்டு இறங்கிப் போனது.

மெதுவாகச் சுற்றும் மோட்டார் ஒன்று வேண்டும். உன் தொழிற்சாலைக்காரர்களுக்கு இது கைவந்த வேலை. மோட்டாரையும் பதிலையும் ஜீவனின் காய்கறி லோரியில் கொடுத்தனுப்பு. போன் வேண்டாம். என் போனை அத்தை எடுத்துப் பார்க்கிறாள் என்று பலத்த சந்தேகம்.

உன் மாமன்,
பேரரசர் தங்கராஜு


ரவாங்
12 ஜனவரி 2025

அன்பு மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலமே. உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் அம்மா வழக்கம்போல, "எத்தனை முதலை?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "அப்போ அந்தக் கேக்கு தட்டு மட்டும் நெசம். மத்ததெல்லாம் உங்க மாமன் கணக்கு லா" என்றார்.

மோட்டாரை ஒரு பெட்டியில் பொருத்தி, சுவிட்ச் வைத்து, ஒயரையும் நானே பற்றவைத்துவிட்டேன். ஆனால் ஜீவன் அண்ணன் லோரியில் அனுப்பவில்லை. என்னோடு வேலை செய்யும் வாசு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவந்து மாட்டிக்கொடுப்பார்.

மாமா, அவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன். சுங்கை ஆயர் தாவார்க்காரர். அம்மா, "எங்கண்ணன் பாத்துச் சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டார். தைப்பூசம் முடிந்ததும் அவர் வீட்டில் பெண் கேட்டு வரத் தயாராக இருக்கிறார்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு 'சரி' வரவேண்டும். அவ்வளவுதான்.

அவர் அதிகம் பேசமாட்டார். நீங்கள் அதிகம் பேசுவீர்கள். அவருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

அன்புடன்,
நித்தியா


புக்கிட் பெலிம்பிங்
20 ஜனவரி 2025

மருமகளே,

உன் வாசு நேற்று வந்து போனான். செம்பனை ஆலையில் ஆயுள் முழுக்க பிட்டராக இருந்தவன் நான். ஒரு போல்ட்டைப் பார்த்தே அதன் குலம் கோத்திரம் சொல்வேன். ஆளைப் பார்த்தால் சொல்லமாட்டேனா?

அவன் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தான். ஓடத் தயாராக இருப்பவன்தான் அப்படி வைப்பான். அத்தை இரண்டாம் முறை மீன் குழம்பு ஊற்ற வந்தபோது தட்டைக் கையால் மறைத்தான். அந்தக் குழம்புக்காக மூன்று சுல்தான்கள் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். பிறகு மேசைக்கு அடியில் புகுந்து போனில் படம் பிடித்தான். யாருக்காம்? ஆற்று முதலைக்கு நான் நீச்சல் கற்றுக்கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுநடுவே, "மாமா, அந்தப் பாலம்..." என்று வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான். எதையோ மறைக்கிறான்.

அவன் இருந்தவரை எல்லாம் ஒழுங்கு. இஞ்சினை ஏற்றி, பக்கத்துக் கொட்டகைத் தடத்துக்குக் கொஞ்சம் திருப்பினோம், சாதுவாக இறங்கியது. அவன் தலை மறைந்ததும் நான் அரைச்சுற்றுச் சுற்றி, வந்த தடத்திலேயே இறக்கினேன். டப். சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லாம் செத்தது. தஞ்சோங் காராங் வரைக்கும் இருட்டு. மின்மினிகள் வழிகாட்டித்தான் சமையலறைக்குப் போனேன்.

கொட்டகைக்குப் போனால் ஓடுகிறது. திரும்பி வந்தால் சாகிறது. ஒரு பக்கம் மட்டும் சாகும்படி கெடுத்துவைக்க மூளை வேண்டும். அதுதான் என் பயம். படங்களை வைத்து ரவாங்கில் போட்டிப் பேரரசு தொடங்கப் பார்க்கிறான்.

கோபத்தில், போனை நம்பாத நானே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உன் அம்மா நாகமணிக்குக் குரல் செய்தி அனுப்பிவிட்டேன். "பையன் சரியில்ல. வேணாம்." அவ்வளவுதான் சொன்னேன்.

உன் நலம் நாடும்,
தங்கராஜு


ரவாங்
24 ஜனவரி 2025

மாமா,

அந்தச் செய்தியை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். நான் சிரித்து, "மாமா வெளையாடுறாரு லா மா" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. "எங்கண்ணன் பேசி, முதல இல்லாம நான் கேட்டதே இல்லடி. இதுல ஒண்ணுகூட இல்ல. அப்போ நெசந்தான்" என்றார். அன்றைக்கே வாசுவின் அம்மாவை அழைத்து, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு கதையையும் நம்பாத அம்மா இதை நம்பிவிட்டார், மாமா.

செருப்பைத் திருப்பி வைப்பது அவர் வீட்டுப் பழக்கம். குழம்பில் இறால் கிடந்தது. இறால் பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடிக்கும். முதல் முறை சாப்பிட்டதே உங்களுக்காக. மறுநாள் வேலைக்கு வரவில்லை.

படம் எடுத்தது எனக்குக் காட்ட. பார்த்ததும் எனக்கும் புரிந்தது. பாலத்தின் ஒரு தண்டவாளத்தில் பிளஸ், மற்றதில் மைனஸ். பாலம் அரைச்சுற்றுச் சுற்றினால் இடது வலதாகிறது. வெளியே இருக்கும் தடம் மாறவில்லை. இஞ்சின் சக்கரம் எல்லையைத் தாண்டும்போது பிளஸும் மைனஸும் முட்டிக்கொள்கின்றன. யாரும் கெடுக்கவில்லை. எந்தச் சுழல்மேடையும் அப்படித்தான். இரண்டையும் மாற்றிவிட ஒரு திருப்புச் சுவிட்ச் வேண்டும். அதைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். நீங்கள் முதலைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

நம்பாவிட்டால் பாலத்து ஒயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

நித்தியா


புக்கிட் பெலிம்பிங்
30 ஜனவரி 2025

மருமகளே,

உன் விளக்கத்தையும் சந்தேகப்பட்டேன். காதலிக்கிறவள் எழுதும் மின்சார விதியை எப்படி நம்புவது? ஒயரை மாற்றிப் பார்த்தேன். திரும்பி வரும்போது ஓடுகிறது, ஏறும்போது சாகிறது. மறுபடி மாற்றினேன். ஏறுகிறது, திரும்பினால் சாகிறது. பொழுது சாயும்வரை இதே வேலை. வாசு இருபது மைலுக்கும் அப்பால் இருக்கிறான், இது தன்பாட்டுக்குச் சாகிறது.

உடனே நாகமணியைக் கூப்பிட்டேன். ஏழு முதலை சாட்சியாக, எட்டாவது முதலையின் பல் மேல் அடித்துச் சத்தியம் செய்து, பையன் பத்தரைமாற்றுத் தங்கம் என்றேன். "அவ சொல்லிக்குடுத்தாளாண்ணே?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இப்போது எனக்கு உன் அம்மா மேல்தான் சந்தேகம். அவளுக்கு வேறு இடம் ஏதோ மனத்தில் இருக்கிறது.

மாமன்


ரவாங்
4 பிப்ரவரி 2025

மாமா,

வேறு இடம் அப்போது இல்லை. இப்போது இருக்கிறது. புஞ்சாக் ஆலாமிலிருந்து ஒரு குடும்பம் தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு வருகிறது. அம்மா புதுச் சேலைகூட எடுத்துவிட்டார்.

"ஒழுங்கா சொன்னப்போ ஒரு முதல இல்ல. மாத்திச் சொல்றப்போ எட்டு முதல" என்கிறார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாசு உங்கள்மேல் கோபப்படவில்லை. "மாமா வீட்டு இஞ்சின் இப்ப திரும்புதா?" என்று மட்டும் கேட்டார்.

இனி மோட்டார், ஒயர் எதுவும் அனுப்பமாட்டேன். ஜீவன் அண்ணனிடம் ஒரு கேக் தட்டு கொடுத்திருக்கிறேன். அது அத்தைக்கு.

நித்தியா


புக்கிட் பெலிம்பிங்
6 பிப்ரவரி 2025

நித்தியாவுக்கு,

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

என் இஞ்சின் ஒரு சாண் நீளம். எடை ஒரு டின் பாலைவிடக் குறைவு. அன்று மேசையில் மட்டும்தான் மின்சாரம் போனது. கூடத்து விளக்குகூட அணையவில்லை.

வாசு என் வீட்டில் எதையும் கெடுக்கவில்லை. பேச வந்தவனை நான் பேசவிடவில்லை. இறால் கிடந்த குழம்பைச் சாப்பிட்டான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாலத்தை நான் இன்னும் சரிசெய்யவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நாகமணி, இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு வா. வாசு வாசலிலேயே நிற்கட்டும். நீயே சுவிட்சைப் போட்டு இஞ்சினைத் திருப்பி இறக்கு. உன் கையிலும் அது செத்து நிற்கும். பிறகு அவனைக் கூப்பிடு. திருப்புச் சுவிட்சை அவன் பொருத்தட்டும். மறுபடியும் நீயே திருப்பு. அதுவரை நான் வாயைத் திறக்கமாட்டேன்.

பையன் நல்லவன். தாய்மாமனாக என் பதில், சரி.

புதுத் தட்டை அத்தையிடம் கொடுத்தேன். பழையது எங்கே என்று கேட்டாள். சொன்னேன். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

வாசித்து முடித்ததும் உன் அம்மா, எத்தனை முதலை என்று கேட்பாள். சிலாங்கூர் ஆற்றில் நான் இதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று சொல்.

தங்கராஜு