மொறுமொறுப்பு டப்பாவில் நிற்காது

ஜூலை 7, ஞாயிறு

அம்மா துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம். வீட்டில் நானும் மின்விசிறியும், நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகங்களும். இரண்டையும் படித்து முடித்தாயிற்று.

க்ளோயே குடும்பத்தோடு பிரான்சுக்கே குடிபோய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவதாகச் சொன்னாள். முதலில் பேசினாள். இப்போது "அடுத்த வாரம்டி" என்று செய்தி மட்டும் வருகிறது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சனிக்கிழமைகளில் நெல்லித்தோப்பில் அவள் வீட்டுச் சமையலறையில் நிற்போம். அவள் அம்மா மரி ஆன்ட்டி கலெத் சுட்டுத் தருவார்கள். உருளைக்கிழங்கைத் துருவி, தட்டையாகத் தட்டி, எண்ணெயில் சிவக்கவிடுவது. நாங்கள் ஓரத்தைத்தான் முதலில் கடிப்போம்.

இன்று செய்முறை கேட்டு அனுப்பியிருக்கிறேன். அதற்காவது பதில் வரும்.

ஜூலை 9

வந்தது! குரல் செய்தி. "துருவு, உப்பு போடு, ஒரு முட்டை, கொஞ்சம் மாவு. சுடு. அவ்ளோதான் வேணி. வெளிய போறோம், அப்புறம் பேசறேன்." பின்னால் யாரோ பிரெஞ்சில் ஏதோ சொல்ல, க்ளோயே சிரிக்கிறாள்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். செய்முறைக்காக மட்டும் இல்லை.

ஜூலை 13, சனி

நாசம். வறுவலுக்கு நறுக்கினால் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போடுவோமே, அந்தப் பழக்கத்தில் துருவலையும் தண்ணீரில் போட்டுவிட்டேன். அப்புறம் தோசை மாதிரி கரண்டியால் இழுத்தேன். கிழங்கு ஒரு பக்கம் போனது, முட்டை ஒரு பக்கம் போனது. அம்மா வந்து தின்று பார்த்து, "முட்டைப் பொரியல்தானே? நல்லாதான்டி இருக்கு" என்றாள். அசந்துபோய் வரும் நாட்களில் அம்மாவுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

நாளை பிரெஞ்சு தேசிய தினம்; கடற்கரைச் சாலையில் இன்று விளக்கு ஊர்வலம். போன வருடம் க்ளோயேவும் நானும் கடைசி வரைக்கும் பின்னாலேயே நடந்தோம். இன்று போகவில்லை. யாரோடு போவது?

ஜூலை 21, ஞாயிறு

துருவலைப் பழைய துண்டில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன். பிழிந்த தண்ணீரைக் கொட்டப் போனபோது கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மாவுச்சத்து! அயோடின் விட்டால் நீலமாகுமென்று படித்தோமே, அதேதான். தண்ணீரை மட்டும் மெல்லச் சாய்த்துவிட்டு அதைத் துருவலோடு சேர்த்துப் பிசைந்தேன். சின்னச் சின்ன வட்டமாகத் தட்டிப் போட்டேன். ஓரம் சிவக்கும்வரை தொடவே கூடாது. அதுதான் கஷ்டம்.

மொறுமொறுவென்று வந்தது! சொல்வதற்காகத் திரும்பினேன் — யாரும் இல்லை. நான் கடிக்கிற சத்தம் எனக்கே அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

க்ளோயேவுக்குப் படம் அனுப்பினேன். ஓர் இதயம் வந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 24

காலையில் சுட்டு, சுடச்சுட டப்பாவில் மூடிப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். யாராவது என் பெஞ்சுக்கு வருவார்கள் என்று. ஆமாம், அதற்காகத்தான்.

மதியம் திறந்தால் மூடியெல்லாம் வியர்த்திருந்தது. எல்லாம் தொளதொளவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அபி எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, ஈரத்துணிய மடிச்சு எடுத்தாந்துட்ட?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

கடைசி பெஞ்ச் கார்குழலி மட்டும் கேட்காமலே ஒன்றை எடுத்துத் தின்றாள். பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இதுவரை என்னிடம் அதிகம் பேசியதில்லை. "சூடா இருந்தா நல்லா இருந்திருக்கும்ல? எங்கூட்ல மீன் வறுத்தா சட்டிகிட்டயே நின்னு துன்னுடுவோம். டப்பால போட்டா செத்துடும்" என்றாள்.

மீதியைத் தெருநாய்க்குப் போட்டேன். அதுவும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஜூலை 26

யோசித்துப் பார்த்தேன். இதை எங்கேயும் கொண்டுபோக முடியாது. ஆளைத்தான் இங்கே கூப்பிட வேண்டும். கார்குழலியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் க்ளோயேதான் கூப்பிடுவாள்.

ஆகஸ்ட் 2

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9

கார்குழலியோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் கணக்குப் பரீட்சைதான். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 14

சொல்லிவிட்டேன்! மூச்சு விடாமல். "வெள்ளிக்கிழமை லீவுதானே, எங்க வீட்டுக்கு வர்றியா, அந்த உருளைக்கிழங்கு... சூடா..."

"இதுக்கா இத்தினி நாளா என் பின்னாடியே சுத்தின? ஏதோ கம்ப்ளெய்ண்ட் பண்ணப் போறன்னு நெனச்சேன்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முத்தியால்பேட்டையில் எந்தத் தெரு என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 15

உருளைக்கிழங்கு வாங்கி வைத்திருக்கிறேன். வராவிட்டால் அம்மா மசாலா செய்துகொள்ளட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வந்தாள். நான் சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் கழித்து. அதற்குள் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்துவிட்டது.

"பஸ்ஸே வர்லடி" என்று சொல்லிக்கொண்டே நேராகச் சமையலறைக்கு வந்தாள். நான் பிழிவதைப் பார்த்துவிட்டு, "இன்னா கொழந்தைக்கு மூக்கு சிந்தி வுடற? குடு இப்பிடி" என்று துண்டைப் பிடுங்கினாள். அவள் முறுக்கிய முறுக்கில் துண்டு கிழிந்துவிட்டது. கிழங்கில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நான் சுடச் சுட அவள் நின்றபடியே தின்றாள். நடுவை முதலில் தின்றுவிட்டு ஓரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறாள். அது ஏன் என்று கேட்டேன். "நல்லதக் கடேசில துன்னாதான் வாயில நிக்கும்."

அப்போது போன் அடித்தது. க்ளோயே, வீடியோவில். வாணலியில் ஓரம் அப்போதுதான் சிவந்துகொண்டிருந்தது. என் கையெல்லாம் மாவு.

"யாருடி? எடுக்கலியா?"

"ஃப்ரெண்டு. அப்புறம் பேசிக்கிறேன், இது கருகிடும்."

மாலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வேலை முடிந்து வந்த அம்மா வாணலியை எட்டிப் பார்த்து, "எனக்கு எங்கடி?" என்றாள். ஒன்றுகூட மீதி இல்லை.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது — க்ளோயேவை நான் திரும்பக் கூப்பிடவே இல்லை.