அக்காவும் பார்க்கும் பட்டியல்

செவ்வாய், இரவு.

ராஜபாளையத்தில் எங்களுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காவுக்கும் பொதுவாகக் கடைப் பட்டியல் எழுத, ஒரு வாரம் தேடி, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஓப்பன் சோர்ஸ் செயலி ஒன்றை நேற்று எல்லார் போனிலும் ஏற்றினேன். எந்தக் கம்பெனியும் நம் பட்டியலைப் பார்க்க முடியாது என்று மனைவியிடம் விளக்கினேன்.

காலையில் அக்கா அவளுக்குப் போன் செய்தாள். "ஏட்டி, மாவு ரெண்டு பாக்கெட்டா? கிரைண்டர் சும்மாதான கெடக்கு?"

மனைவி என்னிடம் வந்தாள். "கம்பெனிக்காரன் பாத்தா என்னய மாவாட்டவா சொல்லப் போறான்? ஒங்கக்கா பாக்காத மாதிரி ஒண்ணு இல்லயா?"

தனிப் பட்டியல் போடலாம் என்றேன்.

"அதுல என்ன ஒளிச்சு வச்சிருக்கன்னு அவிய பஸ் ஏறி வந்து கேப்பாவ."

மாலையில் பட்டியலில் மாவை அழித்துவிட்டு, உளுந்து இரண்டு கிலோ என்று எழுதினாள். கடைக்கு நான்தான் போனேன். மாவு இரண்டு பாக்கெட் வாங்கினேன். உளுந்துக்கு நேரே வாங்கியாயிற்று என்று குறியிட்டேன்.