உம்மா எதிராளியான வழக்கு

செவ்வாய்க்கிழமை

வாப்பா மௌத்தானபின் இறக்காமத்து வயலைப் பிரிக்க வழக்குப் போட்டவன் நான். அதனால் மற்றப் பங்காளிகள் எல்லாரும் சட்டப்படி எதிராளிகள். அது வெறும் கோட்டுச் சொல் என்று உம்மாவிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது.

இன்று கல்முனைக் கோட்டில், "முதலாம் எதிராளி" என்று கூப்பிட்டார்கள். பக்கத்திலிருந்த உம்மா அசையவில்லை.

"எழும்புங்க உம்மா, உங்களத்தான்."

"மகன், நான் ஆருக்கு எதிராளி?"

திரும்பவும் கூப்பிட்டார்கள். உம்மா எழும்பவேயில்லை. எதிராளி வரவில்லை என்று எழுதி, வேறு தவணை போட்டார்கள். சட்டத்தரணி என்னைத்தான் ஏசினார்.

இரவு சோறு போட்டுவிட்டு உம்மா என் மனைவியிடம் சொன்னார்: "வழக்காளிய வந்து தின்னச் சொல்லு புள்ள."

போய்த் தின்றேன். வேறென்ன செய்ய?