பெற்றோமக்ஸை நூர்த்த கிழமை

5.7.93 திங்கள்

சோளகக் காற்று. விடிந்ததிலிருந்து புழுதி. முற்றம் கூட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கூட்டாத முற்றம் மாதிரியே கிடக்கிறது. இடுப்பு வலி.

இன்றைய வேலை: பல்பு கழற்றுதல். யுத்தத்தால் மின்சாரம் நின்று மூன்று வருடம். நாளைக்கு வரும், நாளன்றைக்கு வரும் என்று விட்டு வைத்தது. விறாந்தை, குசினி, இரண்டு அறை, இவர் பம்ப் திருத்தும் கராஜில் ரியூப் லைற். குசினிப் பல்பில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதற்காவது உதவியதே. எல்லாவற்றையும் பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டாயிற்று. பல்பு தொங்கிய வயரை வெட்டி எடுத்தேன், ஜாம் போத்தல் தூக்குவதற்கு.

சங்கக் கடைக்கு இம்முறையும் மண்ணெண்ணெய் வரவில்லை. வீட்டில் இருப்பது அரைக் கலன். கலனைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது. ஆட்டினால் கூடுமா?

முடிவு: அரிக்கன் லாம்பு இரண்டும் பெற்றோமக்ஸும் பரணுக்கு. வீடு, கராஜ் எல்லாம் இனி ஜாம் போத்தல் விளக்கு. முடிவு என்னுடையது. இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

6.7 செவ்வாய்

காற்று குறையவில்லை. மகள் வதனி பள்ளிக்கூடத்தில் பழகி வந்து விளக்குச் செய்து காட்டினாள். டிசம்பரில் சோதனை, அவளுக்குத்தான் வெளிச்சம் அதிகம் தேவை.

போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு நனையுமட்டும் மண்ணெண்ணெய். நடுவில் சைக்கிள் வால்வின் பித்தளைக் குழாய், அதற்குள் திரி. அவ்வளவுதான். போத்தல் மூடி இரண்டு அளவு எண்ணெய், பொழுதுபட ஏற்றினால் படுக்கப் போகுமட்டும் எரிகிறது. காற்றுக்கு நூர்ந்து அணையாது, போத்தலே காவல். நெருப்புப்பெட்டியும் மிச்சம், அடுப்பில் ஈர்க்கைப் பற்றவைத்து உள்ளே விட்டால் சரி. எங்கள் ஆட்களுக்கு மூளைக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை.

ஒரு போத்தல் வெடித்தது. மெல்லிய போத்தல் கூடாது.

பக்கத்து வளவுப் பரமேஸ் அக்கா பார்க்க வந்தா. "உந்த வெளிச்சத்திலை சோத்துக்குள்ளை என்ன கிடக்கெண்டு தெரியாது. அதுவும் ஒரு வகைக்கு நல்லதுதான்" என்றுவிட்டு எங்கள் பஞ்சில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனா.

இவரிடம் சொன்னேன். வீட்டுக்கு என்னவும் செய், கராஜுக்கு அது சரிவராது என்றார். தோட்டக்காரர் இறைப்பு முடித்துப் பொழுதுபடத்தான் வாட்டர் பம்பைக் கொண்டு வருவார்கள், விடிய முன்னம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, எண்ணெய் எங்கே?

8.7 வியாழன்

சண்டை.

நான் கிணற்றடியில் நிற்கும்போது கராஜில் பெற்றோமக்ஸ் இரையும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் வெள்ளை வெளிச்சம், கலியாண வீடு மாதிரி. அதன் கீழே இவர் ஒரு கார்பரேட்டரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கலனில் பாதி போய்விட்டது. வதனி படிக்க வைத்திருந்த எண்ணெய்.

வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். சந்தியடிக் கராஜ்காரர் ஜாம் போத்தலோடு வேலை செய்யவில்லையா, ஆமியின் ஹெலிகொப்ரர் வந்தால் இந்த வெளிச்சத்துக்கு எங்கே அடிப்பான் என்று யோசித்தீர்களா என்று. பதில் சொல்லாத மனிதரோடு சண்டை பிடிப்பதைப்போல் அலுப்பு வேறு இல்லை.

நானே நூர்த்தேன். சூடு ஆறுமட்டும் நின்று, மிச்ச எண்ணெயை ஊற்றி எடுத்து, பரணில் ஏற்றினேன். ஏற்றும்போது எங்கேயோ இடித்து, வெளிச்சம் தருகிற மென்ரில் வலை தூளாய்ப் போனது. வேறு மென்ரில் இல்லை. சாவகச்சேரி முழுக்கத் தேடினாலும் கிடையாது. இவர் அந்தத் தூளைப் பார்த்தபடி நின்றார்.

9.7 வெள்ளி

விரதம். இவர் முகம் கொடுக்கவில்லை.

கராஜில் ரியூப் லைற் இருந்த இடத்தில் மூன்று ஜாம் போத்தல் தூக்கினேன். நல்லாயிருக்கிறதா என்று கேட்டேன். ஓம் என்றார். அதுதான் முழு நாளுக்கும் கதைத்த கதை.

பின்னேரம் தேநீரும் கடிக்க ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொண்டுபோய் வழக்கம்போல மர வாங்கிலில் இவருக்கு வலப்பக்கம் வைத்தேன். முழங்கை பட்டுக் கவிழ்ந்தது. வைத்ததைக் கண்டுதானே இருந்திருப்பார். கோபமென்றால் என்னில் காட்டட்டும், பனங்கட்டியில் காட்ட வேண்டாம். அடுத்த துண்டுக்கு நான் எங்கே போவேன்.

விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக நிறம் தெரிகிறது என்று வதனியிடம் சொல்லியிருக்கிறார். எண்ணெயில் கலப்படம் அப்பா என்றாளாம். நானும் அதைத்தான் நினைத்தேன்.

11.7 ஞாயிறு

காற்று, காற்று. கண்ணெல்லாம் மண். துவைத்த சேலை வேலியில் கிழிந்தது.

தோட்டக்காரச் சின்னராசா அண்ணையின் பம்ப் திரும்பி வந்தது. இவர் திருத்தி நேற்றுத்தான் கொடுத்து விட்டது. மூடியில் ஒரு நட் பூட்டவேயில்லை, தோட்டத்தில் எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டது. இந்த நாளில் ஒழுகிய எண்ணெய்! வெங்காயம் தண்ணீர் இல்லாமல் வாடுகிறதாம். வேறு ஆளென்றால் வாசலில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பான். அவர் நல்ல மனிதர். இந்தக் குப்பி வெளிச்சத்தில் யாருக்குத்தான் தெரியும் என்று அவரே சமாதானம் சொன்னார்.

ஊரில் எல்லாப் பிழைக்கும் இப்போது இந்த ஒரு சாட்டுத்தான். பரமேஸ் அக்கா சட்டைக் கையை மறுபக்கம் பொருத்தித் தைத்தா, விளக்கு. வதனியின் ரீச்சர் கணக்குக்குப் பிழை புள்ளி போட்டா, விளக்கு. நான் உப்பை இரண்டு தரம் போட்டேன், அதுவும் விளக்கு.

இவர் முகம் கறுத்துப் போய்விட்டது. இருபது வருடத்தில் திரும்பி வந்த வேலை இல்லை. பின்னேரம் மூன்று போத்தலையும் வயரிலிருந்து இறக்கித் தலைக்குக் கிட்ட வைத்து வேலை செய்து, முன்மயிர் கருகிவிட்டது. மணம் அடிக்கத்தான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன்.

13.7 செவ்வாய்

எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சமாதானமாகப் போவோம் என்று மத்தியானம் தேநீரோடு போனேன். இவர் கராஜுக்கு வெளியே சாக்கு விரித்து முற்றத்தில் இருந்து வேலை. உச்சி வெயில். வலப்பக்கமாகப் போய்த் தோளுக்குக் கிட்டக் கோப்பையை நீட்டினேன். திரும்பவில்லை. சரி, இன்னும் கோபம் என்று நினைத்தபடி நின்றேன். சாக்கைத் தடவித் தடவி எதையோ தேடுகிறார். தேடுகிற நட் அவர் வல முழங்காலுக்குக் கிட்ட வெயிலில் மின்னிக்கொண்டு கிடக்கிறது. கை அதைத் தாண்டிப் போகிறது, வருகிறது, திரும்பத் தாண்டிப் போகிறது.

"இஞ்சாருங்கோ, உதிலை கிடக்குது."

தலை முழுவதையும் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். நான் எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்று கேட்டார். பிறகு, இந்த விளக்காலை ஒண்டும் வடிவாத் தெரியுதில்லை என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். தலைக்கு மேலே சூரியன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரின் இடக்கண்ணை என் கையால் பொத்தினேன்.

"என்ரை முகம் தெரியுதோ?"

தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"நீர் நிக்கிறீர் எண்டு தெரியுது."

மாசியிலிருந்தாம். முதலில் ஓரம் மங்கியதாம், பிறகு பிறகு கூடியதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாருந்தானே தெரியேல்லை எண்டு சொல்லுகினம். கரண்ட் வந்தால் சரியாப் போகுமெண்டு இருந்திட்டன்" என்றார்.

குசினிக்குள் போய் அழுதேன். நான் நூர்த்த பெற்றோமக்ஸ். நான் சிரித்த சிரிப்பு. ஐந்து நாளாக இவர் என்னைப் பார்க்கவில்லை என்று நான் கோபித்துக்கொண்டு திரிந்தது.

15.7 வியாழன்

யாழ்ப்பாணம், கண் டொக்ரரிடம். விடிய மினிபஸ். அதுவும் மண்ணெண்ணெயில் ஓடுகிறது, புகைக்குக் குமட்டிச் சத்தி வந்தது. பின்னேரமாகித்தான் வீடு.

வாங்கில் நீளத்துக்கு ஆட்கள். காத்திருந்த எல்லோர் வாயிலும் ஒரே கதை, லாம்பு, லாம்பு. டொக்ரர் இளம் பிள்ளை. அவவுக்கே கண்ணுக்குக் கீழே கருவளையம். பார்த்துவிட்டு என்னை மட்டும் தனியாகக் கூப்பிடாமல் இரண்டு பேரையும் வைத்தே சொன்னா. அதற்காகவே அந்தப் பிள்ளையைக் கும்பிடலாம். கண்ணுக்குள் அழுத்தமாம். வலக்கண் முடிந்துவிட்டது. இடக்கண்ணிலும் ஓரம் குறையத் தொடங்கியிருக்கிறது, ஆனால் மருந்து விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம். காலையும் மாலையும், ஆயுள் முழுக்க.

"போனது போனதுதான், அம்மா. மிச்சத்தை விடக்கூடாது."

விசர்க் கேள்வி ஒன்று கேட்டேன், ஜாம் போத்தலாலோ வந்தது என்று. இல்லை, ரியூப் லைற் எரிந்திருந்தாலும் வந்திருக்கும், விளக்கால் பிந்தித் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றா. எனக்கு ஆறுதலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

தன்னிடம் இருந்த ஒரு குப்பி மருந்து தந்தா. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும்.

திரும்பி வரும்போது இவர் யன்னல் கரையில். வழியில் கைதடி ஊரின் வெட்டவெளியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, கராஜை மூடுவமோ என்று கேட்டார். காற்றில் கேட்கவில்லை என்ற மாதிரி இருந்துவிட்டேன். கேட்டது.

16.7 வெள்ளி

ஆடி பிறந்தது. கூழ் காய்ச்சவில்லை. நாளைக்கென்று வதனியைச் சமாளித்தேன்.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். பிறிட்ஜ் மூன்று வருடமாக அரிசிப் பெட்டி. குப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி மண்பானைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறேன். பானையில் கை வைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் கட்டளை. மருந்து விடுகிறது வதனி. நான் விட்டால் பாதி கன்னத்தில் போகிறது.

பரமேஸ் அக்காவின் தம்பி அடுத்த கிழமை கிளாலிக் கடலால் வள்ளத்தில் கொழும்புக்குப் போகிறானாம், ஊரை விட்டுப் போகப் பாஸ் கிடைத்துவிட்டதாம். மருந்தின் பெயர் எழுதிக் கொடுத்தேன். அக்கா வழக்கம்போல ஏதாவது சொல்லுவா என்று பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிள்ளையாரே, அந்தப் பிள்ளை நேவிக்குத் தப்பிக் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரட்டும்.

இவர் இன்று கராஜ் திறக்கவில்லை. பூட்டைத் திறந்து, திரும்பப் பூட்டி, விறாந்தையில் வந்து இருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்கு அலுத்துப் போய்விட்டது. யாரோடு கோபிப்பது என்றும் தெரியவில்லை.

17.7 சனி

கையெல்லாம் கிறீஸ். சவர்க்காரம் இல்லை, சாம்பலால் தேய்த்தும் போகவில்லை. இந்தக் கையோடேயே எழுதுகிறேன்.

மத்தியானம் திரும்பவும் சின்னராசா அண்ணை, சைக்கிள் கரியரில் பம்போடு. இம்முறை அடியோடு ஸ்ரார்ட் இல்லை. இன்றைக்கும் இறைக்காவிட்டால் வெங்காயம் போய்விடும் என்றார். இவர் விறாந்தையில் இருந்தபடியே, சந்தியடிக் கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லும் என்றார் என்னிடம். மெல்லமாகத்தான் சொன்னார். நான் போய்ச் சின்னராசா அண்ணையிடம், இறக்குங்கோ என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது.

பிறகு இவரின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கராஜ் வாசலில் ஸ்ரூலில் இருத்தினேன். நான் பம்புக்குக் கிட்டக் குந்தினேன். என்ன விளையாட்டு என்று கேட்டார். விளையாட்டில்லை, சொல்லுங்கோ, செய்யிறன் என்றேன். சின்னராசா அண்ணை வானத்தைப் பார்த்தார். பொம்பிளை பம்ப் திருத்துகிறதை அவர் எங்கே கண்டிருக்கப் போகிறார்.

பிறகு இவர் சொல்லத் தொடங்கினார், ஒவ்வொன்றாக. பிளக்கைக் கழற்று. வயரைத் திரும்பக் கொழுவு. பிளக்கை இயந்திரத்தின் இரும்பில் முட்டப் பிடி, ரப்பரில் பிடி, இல்லாவிட்டால் கரண்ட் அடிக்கும். பிறகு சின்னராசா அண்ணையைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். இழுத்தார். பிளக் நுனியில் பொறி.

"என்ன நிறம்?"

நீலமென்றால் நல்ல பொறி, குறை வேறெங்கோ; மஞ்சளென்றால் பலமில்லாத பொறி, அதைத் தருகிற பொயின்ற்றில் குறை என்று எனக்கும் இத்தனை வருடத்தில் காதில் விழுந்து தெரியும். நீலம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. இவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதைத்தான் சொல்ல மனம் வரும்.

"மஞ்சள்."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம். மஞ்சள்தான்."

தலையை ஆட்டினார். ஸ்ரூலுக்குக் கீழே தடவி ஒரு ஸ்பனரை எடுத்தார். விரலால் அதன் வாயை அளந்து பார்த்து வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.

"அப்ப பொயின்ற்றுத்தான். மூடியைக் கழட்டும்" என்று ஸ்பனரை நீட்டினார்.

நான் இருந்தது அவரின் வலப்பக்கம். அவர் நீட்டியது இடப்பக்கம். நான் எழும்பிச் சுற்றிப் போய் வாங்கினேன்.